துரு ஏறாத கத்தி

பிப்ரவரி 9

பாத்திரக்கடை அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன்தான். கிழித்துப் போட்டுவிடாதே, வீட்டுக்கு வா என்று கூப்பிட எழுதவில்லை. இப்போது நானே சமைக்கிறேன். நம் கத்தி தக்காளியை நறுக்குவதில்லை, நசுக்குகிறது. டிப்போ மெக்கானிக், "அண்ணே, ஜப்பான் கத்தி வாங்குங்க, வெண்ணெய் மாதிரி இறங்கும்"னு உயிரை வாங்குகிறான். நீ விற்கிற சாமான்தானே, உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்? என் சம்பளத்துக்கு ஏற்ற மாதிரி ஒன்று சொல்.

அக்கா வீட்டில் சௌகரியமா? இங்கே வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன்,
பஸ் டிரைவர்

பிப்ரவரி 17

டிரைவர் ஐயாவுக்கு,

சௌகரியம். அடேயப்பா, சமையலா! வெந்நீர் வைக்கவே என்னைக் கூப்பிட்ட ஆளாச்சே.

'சாண்டோகு' என்று கேளுங்கள். காய், கறி, மீன் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். அலகு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். அலகில் அலை அலையாகக் கோலம் போட்டதெல்லாம் வீண் செலவு. ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குங்கள். அதே விலைக்குக் கார்பன் எஃகு இன்னும் கூர்மையாகக் கிடைக்கும். ஆனால் நறுக்கிய கையோடு துடைக்க வேண்டும், ஈரத்தோடு போட்டால் துரு ஏறிவிடும். பஸ் கண்ணாடியைத் தினமும் துடைக்கிற மனுஷர், சாப்பிட்ட தட்டை எடுத்ததில்லை. உங்களைத் தெரியாதா எனக்கு?

பழைய கத்தியைத் தூக்கிப் போடுங்கள். மழுங்கின கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும்.

உங்கள்,
வேறு யார்

ஆகஸ்ட் 3

என் கண்ணு,

உன் பேச்சைக் கேட்கவில்லை. வீம்புக்குக் கார்பன் கத்திதான் வாங்கினேன். நறுக்கியதும் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவித்தான் வைக்கிறேன். நடுவில் ஒருநாள் அலகில் நீலம் பாய்ந்திருக்கப் பதறிப்போனேன்; அது துரு இல்லையாம், கார்பன் எஃகு பழகப் பழக அப்படி நிறம் மாறுமாம். இன்றுவரை ஒரு புள்ளி துரு கிடையாது, சத்தியமாக.

நான் மாறிவிட்டேன், பார்த்தாயா? நீ வந்து அதன் கூர்மையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சமைத்து வைக்கிறேன், நீ உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். வந்துவிடு. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உன்னையே நம்பி,
நான்

ஆகஸ்ட் 20

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிறு போய்விட்டது. காத்திருந்திருப்பீர்கள், தெரியும். கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து அழுதேன். நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பழைய கத்தியைச் சாணை பிடித்துக் கொடுங்கள் என்று எத்தனை மாதம் கேட்டேன்! அது வழுக்கி என் விரல் பிளந்த அன்று, துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். நீங்கள் வந்து, ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் சமைக்கலையா?" என்றீர்கள். அன்றைக்குத்தான் அக்கா வீட்டுக்கு வந்தேன். விரல் நுனியில் இன்னும் உணர்ச்சி வரவில்லை.

உங்களுக்குக் கவனிக்கத் தெரியாது, சுபாவமே அப்படி என்று சொல்லிச் சொல்லித்தான் அத்தனை வருஷமும் மனதை ஆற்றிக்கொண்டேன். இங்கே வந்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கவனிக்கத் தெரியும் என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். இனி எதைச் சொல்லி ஆற்றிக்கொள்வேன்?

நான் வரமாட்டேன்.

எலுமிச்சை நறுக்கினால் கத்தியை உடனே துடைத்துவிடுங்கள். புளிப்பு பட்டால் கெட்டுப்போகும்.

இப்படிக்கு,
பாத்திரக்கடைக்காரி