கேட்க வேண்டியது மேகலாவிடம் அல்ல

முனிர்கா, டெல்லி
16 நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40
கடிதம் எண் 7/2025
பொருள்: கபடி லீக் உனக்கு விதித்த தடையும், அது குறித்து நான் செய்த காரியமும்

அன்புள்ள மகன் மதியழகனுக்கு அப்பா எழுதுவது.

நீ உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்றே இன்று காலையும் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலில் மாற்றமில்லை. இங்கே புகைமூட்டத்தால் ஜன்னலைத் திறந்து ஒரு வாரமாகிறது, உன் அம்மாவுக்கு இருமல். செப்டம்பர் 28ஆம் தேதி உன் மனைவி மேகலா ஹைதராபாத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவளுடைய இடது கையில் போட்டிருந்த மாவுக்கட்டை இம்மாதம் 10ஆம் தேதி திங்கட்கிழமை பிரித்தார்கள். இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. ரப்பர் பந்தை அமுக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள்.

13ஆம் தேதி வியாழக்கிழமை உங்கள் கபடி அணியின் மேலாளர் ஸ்ரீதர் வந்தார். கையில் ஒரு கிலோ காஜு கத்லி, பையில் ஒரு தாள். ‘விஷயத்தைக் குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொண்டோம், லீக் விசாரிக்க வேண்டியதில்லை’ என்று அதில் அச்சடித்திருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் பாதி இந்தி, மேகலாவை அண்ணி என்பதற்கு ‘பாபி’ என்றார். “அங்கிள், பாபி ஒரு சைன் போட்டா போதும், மேட்டர் கதம். அடுத்த சனிக்கிழமை மேட்ச்ல மதி இறங்கிடுவான்” என்றார். மேகலா கதவருகே நின்று, “போடலைன்னா அவருக்கு எத்தனை மேட்ச் தடைங்க?” என்று கேட்டாள். “நீங்க போடற வரைக்கும்தான் பாபி” என்றார். “அப்ப தண்டனை கொடுக்கிறது லீக் இல்ல, நானா?” என்று அவள் கேட்டதற்கு, ஸ்வீட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அன்று மாலை போன் தொடங்கியது. உன் கேப்டன், கேப்டனின் மனைவி, திருச்சியிலிருந்து உன் பெரியம்மா, யாரென்றே தெரியாத ரசிகன் ஒருவன், எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரு கையெழுத்துத்தான். மேகலா போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள். மறுநாள் உன் அம்மாவிடம், “போட்டுத் தொலைச்சிடறேன் அத்தை, எனக்குத் தூக்கம் வேணும்” என்றாள். அதைக் கேட்டதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

முப்பத்தொரு ஆண்டுகள் லோதி ரோடு அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளைப் பார்த்தவன் நான். ஊழியர் தவறு செய்தால் அவர்மீது குற்றம் சாட்டுவது அலுவலகம். புகார் சொன்னவர் சாட்சி மட்டுமே. அவர் மனம் மாறினார் என்பதற்காக நாங்கள் கோப்பை மூடியதில்லை. உங்கள் லீக்குக்கும் இது தெரியாததல்ல. சென்ற ஆண்டு நீ நடுவரைப் பிடித்துத் தள்ளியபோது அன்றைக்கே இரண்டு மேட்ச் தடை என்று அறிவித்தார்கள். நடுவர் வீட்டுக்கு எவரும் காஜு கத்லி கொண்டுபோகவில்லை.

ஆகவே நேற்று விசாரணைக் குழுவுக்கு விரைவு அஞ்சலில் எழுதிவிட்டேன். செப்டம்பர் 29 மாலை நீ போனில் அழுதுகொண்டு, “அவ கை இருக்குன்னு தெரிஞ்சும் கதவை இழுத்துச் சாத்திட்டேன்ப்பா” என்று சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். மேகலாவுக்குப் பதிலாகப் புகார்தாரராக என்னை வைத்துக்கொள்ளுங்கள், மேகலாவிடம் இனி எந்தத் தாளையும் நீட்டாதீர்கள், அவளே கையெழுத்திட்டாலும் விசாரணையை நிறுத்தாதீர்கள், தடை எத்தனை மேட்ச் என்பதை நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மேகலாவைக் கேட்டுக்கொண்டுதான் அனுப்பினேன். “அனுப்புங்க மாமா” என்றவள், சிறிது நேரம் கழித்து, “அவர் உங்ககிட்டப் பேசமாட்டாரே” என்றாள். உன் அம்மாவோ, “பெத்த புள்ள நம்பிச் சொன்னத ஆபீஸ் கேஸ் மாதிரி எழுதிட்டீங்களே” என்றாள். நேற்று முதல் காபி டம்ளரை என் கையில் தராமல் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் சொன்னதில் பிழையில்லை. நீ என்னை நம்பித்தான் சொன்னாய். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த உன் ரயில்வே வேலைக்கும் இதனால் கேடு வரலாம். எல்லாம் தெரிந்தே அனுப்பினேன், தெரிந்ததனால் மட்டும் மனம் அமைதியாகிவிடவில்லை. இந்தக் கடிதத்தை மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை குழு கூடும்போது, வக்கீல் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு என்னிடம் சொன்னதையே அங்கும் சொல். மேகலாவுக்குப் போன் செய்யாதே. நேரத்துக்குச் சாப்பிடு, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பதை நிறுத்தாதே. சாட்சி சொல்ல நானும் 27ஆம் தேதி ஹைதராபாத் வந்து சேர்கிறேன். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டியதில்லை, லாட்ஜில் தங்கிக்கொள்வேன். விசாரணை முடிந்தபின் நீ கூப்பிட்டால் உன் வீட்டுக்கு வருவேன்.

நீ நெடுநாள் நலமாக வாழவும், செய்ததைச் செய்தேன் என்று சொல்லும் தைரியம் உனக்கு வரவும் என் ஆசிகள்.

உன் அப்பா,
தி. ஜோதிலிங்கம்

இணைப்பு:
1. விசாரணைக் குழுவுக்கு எழுதிய கடிதத்தின் நகல், இரண்டு பக்கம்.
2. விரைவு அஞ்சல் ரசீதின் நகல்.
3. மேகலாவின் கை எக்ஸ்ரேயின் நகல். அவள் சம்மதித்ததால் அனுப்புகிறேன்.
4. 26ஆம் தேதி ரயிலுக்கு எடுத்த என் டிக்கெட்டின் நகல். திரும்பி வருவதற்கு இன்னும் எடுக்கவில்லை.