ரத்தம் கம்மி என்று மட்டும்

அக்கா,

இன்று காலை நான் வேலை பார்க்கும் ரத்தம் எடுக்கும் அறையில் திடீரென்று உங்களோடு வரும் அதே கருவாட்டு வாசனை. நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் முகச்சாடையிலேயே உங்கள் மகள், மடியில் ஒரு பையோடு. வயிறு லேசாகத் தெரிந்தது. பக்கத்தில் அவள் கணவன். நீங்கள் இறந்துபோய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இவளுக்காகத்தான் அந்த வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன்.

நெம்மேலிப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் மாறி மாறிச் செங்கல்பட்டுக்கு வருவீர்கள். தெரிந்த முகம் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. எச்.ஐ.வி. உங்கள் கணவரிடமிருந்து வந்தது; அதற்குள் மகள் வளர்ந்திருந்தாள், அவளுக்குத் தொற்றவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. ஊரில் கேட்டால், "ரத்தம் கம்மியா கீது, ஊசிக்குப் போறேன்." அது பொய்யும் இல்லை.

நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. யார் என்ன கேட்டாலும் பேசக் கூசிக் கையிலிருக்கும் குழாயைப் பார்ப்பேன். "இன்னாம்மா, வாயத் தொறந்தா காசு புடுங்குவாங்களா?" என்றீர்கள். அந்த அறையில் நான் சிரித்தது அன்றுதான்.

ரத்தத்தைக் குறைக்கிறது என்று எச்.ஐ.வி. மாத்திரைகளில் ஒன்றை டாக்டர் மாற்றினார். ரத்த அளவு கொஞ்சம் ஏறியது. "இன்னும் ஏறும்" என்றார் அவர். நீங்கள் என் காதருகே வந்து, "ஏறிட்ச்சின்னா இன்னா சொல்லிகினு இங்க வர்றது?" என்றீர்கள்.

அதற்கு மேல் ஏறவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தசோகைக்குப் பரம்பரைக் காரணமும் உண்டா என்று பார்க்கும் ஆய்வில் உங்கள் ரத்தத்தையும் சேர்த்தோம். தலசீமியா மரபணு ஒன்று இருந்தது. சிவப்பணுக்கள் பிறவியிலேயே சின்னவை, ஆயுசுக்கும் இப்படித்தான் என்று டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள். "அப்ப சாவுற வரிக்கும் இதயே சொல்லிக்கலாம்." அவருக்குப் புரியவில்லை.

"எம் பொண்ணுக்கும் இருக்குமா?" என்று பிறகு கேட்டீர்கள். இருக்கலாம், அவள் கணவனுக்கும் இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்றேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். "பொண்ண அனுப்பி வெக்கிறேன். இத மட்டும் சொல்லு. மத்தது என்னோட போவட்டும்."

காசநோய் முந்திக்கொண்டது. நானாக உங்கள் மகளைத் தேடிப் போக முடியாது. யார் என்று சொல்லிக்கொண்டு போவேன்?

'புள்ள உண்டானா ரெண்டு பேரும் அங்க போங்க' என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனீர்களாம். இன்று இருவருக்கும் ரத்தம் எடுத்தேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள், "எங்கம்மா இதுக்குதான இங்க வரும்? ரத்தம் கம்மியா இருந்தா செத்துடுவாங்களாக்கா?" என்றாள். நீங்கள் இத்தனை காலம் மறைவுக்குப் பிடித்த ரத்தசோகை, இப்போது அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. "இல்லம்மா. அவங்களுக்கு வந்தது டி.பி. இது இருக்கறவங்க நல்லா வாழலாம்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் முதல் பரிசோதனை முடிவு வந்தது. அவளுக்கு உங்களைப் போலவே சின்ன அணுக்கள். அவள் கணவனுக்கு இல்லை. முழு முடிவு வர நாளாகும். ஆனால் பிள்ளைக்குப் பெரிதாகப் பயமில்லை என்றார் டாக்டர். அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவள், "எங்கம்மா மாரியே எனக்கும்" என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். ஏறும்போது அவள் நின்று, மெதுவாகக் கேட்டாள்: "எங்கம்மாவுக்கு வேற ஒண்ணும் இல்லல்லக்கா?"

"இல்ல" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடுதான் வீடு வந்து சேர்ந்தேன், அக்கா. இன்னும் இறக்கி வைக்கவில்லை.