முந்தின நாளே தெரியும் சர்ப்ரைஸ்

செஞ்சி விடுதி,
புதன் இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு வினோதினி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? நைனா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கோணல் எழுத்துக்குத் திட்டாதே.

இன்று இங்கிலீஷ் வகுப்பில் ‘சர்ப்ரைஸ்’ என்றால் என்ன என்று ஷோபனா டீச்சர் கேட்டார்.

"ஆபீசர் விடுதியைப் பாக்க வர்றது டீச்சர். முந்தின நாளே சொல்லிடுவாங்க. நாங்க பெருக்கி, புதுப் போர்வை விரிச்சு வைப்போம்" என்றேன்.

இங்கே ‘சர்ப்ரைஸ் விசிட்’ அப்படித்தானே நடக்கிறது? வகுப்பே சிரித்தது.

"சொல்லாம கொள்ளாம வர்றதுக்குத்தான்டி அந்தப் பேரு" என்று டீச்சரும் சிரித்துவிட்டார்.

பேச்சு வார்டன் அம்மா காதுக்குப் போய்விட்டது. சாயந்திரம் கூப்பிட்டார். விடுதியை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். புகார் வந்தால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று நைனா சொன்னது நினைவுக்கு வந்ததும் அழுதுவிட்டேன்.

"ஏன்டி அழுவற? நெசத்ததான சொன்ன" என்று கண்ணைத் துடைத்துவிட்டார். "பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கேட்டு நானும் மூணு தடவ எழுதிட்டேன். நாளைக்கு ஆபீசர் வர்றாரு. நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்."

ஒருத்தி குளிக்கும்போது இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் அம்மா. அது வார்டன் அம்மாவுக்கும் உறுத்தியிருக்கிறது. அவரைப் பார்த்தா இத்தனை நாள் பயந்தேன்!

ஞாயிற்றுக்கிழமை தேங்காய் எண்ணெயும் வறுத்த வேர்க்கடலையும் கொண்டு வா. உடனே பஸ்ஸுக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் இரு. நைனாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

யாரோ வருகிறார்கள். நாளைக்கு ஆபீசர் முன்னால் எனக்குக் குரல் வர வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும், ஆனாலும் வேண்டிக்கொள்.

உன் மகள்,
வினோதினி