தொட்டிலுக்கு ஒரு சேலை

நல்லதண்ணி
9.2.1964

டயகமத் தோட்டத்துத் தங்கச்சிக்கு,

பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்தது. பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் தேயிலை மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறேன். பத்து மணிக்கு இறங்கி வந்து பால் கொடுக்கிறேன். நன்றாகக் குடிக்கிறாள்.

எனக்கு உதிரம் நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் கருப்பை வாயைத் துடைத்து, கண்ணாடித் துண்டில் தடவிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். போன வாரம் பதில் வந்தது. டாக்டர் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். நர்ஸம்மா தமிழில் சொன்னது கொஞ்சம்தான். "நல்லா இல்லைம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

உன் மச்சானிடம் சொன்னேன். "புள்ள பெத்த ஒடம்பு, அப்புடித்தான் இருக்கும்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறோம். எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாப்பா என் பழைய சேலையில் கட்டிய தொட்டிலில்தான் தூங்குவாள். துவைத்த சேலையைக் கட்டினால் வீறிட்டு அழுகிறாள். இதைப் படித்துவிட்டு நீ அழுதுகொண்டு ஓடி வராதே. முதலில் நீ உடுத்திய சேலை ஒன்றை அனுப்பு. துவைத்துவிடாதே. உன் வாசனையில் தூங்க அவள் இப்போதே பழகட்டும்.

உன் அக்கா