மூன்றாவது புட்டி

அன்புள்ளவனே,

ட்ரோம்சோ துறைமுகத்தில் வழியனுப்பும்போது, "தூவாவுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வேணாமாடி? தொட்டில் சும்மாதானே கிடக்கு!" என்று கேட்டாய். கடலிலிருந்து பதில் எழுதுகிறேன் என்றேன்.

மூன்று வருடம் முன்பு, அவள் என் வயிற்றில் இருந்தபோது அளந்த அதே பனிவிளிம்பில் இன்று மறுபடி நீர் எடுத்தோம். இந்த மூன்று வருடத்தில் கடல் விழுங்கியிருந்த கரியமில வாயு நான் பயந்ததைவிட அதிகம்.

"புட்டி மேல மூச்சு விட்டியாம்மா?" என்றார் எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் ஐவின்ட். "வாய் மூடாம பேசுறவளாச்சே நீ!"

எல்லோரும் சிரித்தார்கள். மூச்சுப் பட்டால் அளவு கூடிவிடும். என் தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி இரண்டாவது புட்டியை நிரப்பினேன். அதே எண். மூன்றாவதற்குக் கண் இருட்டும்வரை மூச்சை அடக்கினேன். அப்போதும் அதே எண்தான்.

"சரி, எழுதிக்கோம்மா," என்றார் ஐவின்ட். யாரும் சிரிக்கவில்லை.

தூவாவுக்குச் சளி விட்டதா? குல்லா இல்லாமல் வெளியே விடாதே. இருமினால் மறைக்காமல் எழுது.

கீழ்வீட்டு ரன்வெய்க் தொட்டிலைக் கேட்டாளே, கொடுத்துவிடு. இரவலாக வேண்டாம். அவளே வைத்துக்கொள்ளட்டும்.

நம் ஒரே மகளின் அம்மா