சாக்ஸுக்குள் இருந்த அட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? என் செல்லமகள் ஆம்பரின் இருமல் நின்றதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

நேற்று அணிக்கு ஆள் தேடிப் போன இடத்தில், மிசிசிப்பியில் ஒரு பள்ளியில், டெமாரியன் என்ற பையனின் உயரத்தை அளந்தேன். எங்கள் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில், எதிராளிகளைத் தள்ளித் தடுக்கும் முன்வரிசைக்கு ஆறடி மூன்று அங்குலமாவது கேட்கிறார்கள். "சாக்ஸையும் கழட்டுப்பா" என்றதும் அந்த நூற்றுமுப்பது கிலோ உடம்பு கூசிக் குறுகிவிட்டது. குதிகாலடியில் மடித்த அட்டை!

"அடப்பாவி, என் செருப்புப் பெட்டியையா கிழிச்ச?" என்று சிரித்த அவன் அம்மா, சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எடுத்துக்கிட்டாத்தாம்மா இவன் காலேஜையே பாப்பான்."

ஆறடி ஒன்று என்று உள்ளதையே எழுதினேன், அட்டை வைத்திருந்ததை எழுதவில்லை. பயிற்சியாளர் போனில், "குள்ளம். விட்டுட்டு வா" என்றார்.

"கை நீளத்தைப் பாருங்க சார். எதிராளி தொடுறதுக்குள்ள தள்ளிடுறான். ஒரு தடவ நேர்ல வந்து பாருங்க" என்று பிடிவாதம் பிடித்தேன். வியாழக்கிழமை வருகிறார். நானும் இருக்க வேண்டுமாம்.

அன்றுதான் ஆம்பருக்கு இரண்டு வயது முடிகிறது. கேக்கைச் சனிக்கிழமை வெட்டலாமா, அம்மா? பிறந்தநாளன்று நான் வரமாட்டேன் என்று அவளிடம் நீ சொல்லாதே. நானே போனில் சொல்கிறேன்.

அவசரத்துடன்,
உன் ஜனெல்