அண்ணா, நீ வர வேண்டாம்

ஸ்பிரிங்வெளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள துஷாந்த் அண்ணாவுக்கு,

அப்பா தலை சீவுவதை நீ கவனித்திருக்கிறாயா? சீப்புப் பிடித்த கை நெஞ்சுக்கு மேலே போவதில்லை. அவர்தான் குனிந்து தலையைச் சீப்புக்குக் கொண்டுவருகிறார். சின்ன வயதில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சீவுவார்கள் என்று நினைத்திருந்தேன். பிறகு, மரத்திலிருந்து விழுந்ததால் வந்தது என்று சொன்னார்கள். அதையும் நம்பினேன். போன மாதம் உன் வக்கீலம்மா கேட்ட கேள்விக்குப் பிறகுதான் அது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கு வைக்கிறார். இங்கே ஒரே மழை. தேயிலைக் கொழுந்து நன்றாக வந்திருப்பதால் அம்மாவுக்கு நாள் தவறாமல் வேலை இருக்கிறது. அப்பா மழைத் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டப் போகிறார். நான் பதுளையில் றஷீனா அக்காவின் துணிக்கடையில்தான் இன்னும் நிற்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டதற்கு நீ திட்டியது மறக்கவில்லை, ஆனால் கடையில் சிங்களம் நன்றாகப் பழகிவிட்டேன். பேசுவதுதான் குறைவு. கடைக்கு வருகிறவர்களுக்குப் பொம்மை எது, தனுஜா எது என்று தெரிவதில்லை என்று அக்கா கேலி செய்வார்.

வக்கீலம்மா கையில் வரும் கடிதத்தை, நீ இருக்கும் மலேசியச் சிறையில் யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று அவரே சொன்னார். அந்தத் தைரியத்தில்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது.

உன்னைப் பிடித்த செய்தி வந்த வாரத்திலேயே பொலிஸ்காரர் இரண்டு பேர் சாதாரண உடையில் நம் லயத்து வீட்டுக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உன் படத்தைப் பார்த்து, நல்ல பையன் மாதிரித்தான் இருக்கிறான் என்று சொன்னார்கள். அப்பாவை முன்பு பிடித்து வைத்திருந்த பழைய விஷயமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டு இராக்கம்மா மாமி தேங்காய்த் துருவி கேட்டு நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

வக்கீலம்மா போனில் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். உன்கூடத் தங்கியிருந்த பையனுக்கு நீ உன் பேரில் சிம் எடுத்துக் கொடுத்தாய். அவன் அதை வைத்து யார் யாரிடமோ பேசியிருக்கிறான். அதனால் உன்னையும் பயங்கரவாத வழக்கில் சேர்த்து, இலங்கைக்கு ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். இங்கே உன்னை ஒழுங்காக நடத்துவார்களா என்று அங்கே உள்ள கோர்ட் பார்க்க வேண்டுமாம். ஒழுங்காக நடத்துவோம் என்று இங்கிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது போதாது என்று காட்ட ஏதாவது வேண்டும், உங்கள் வீட்டில் இதற்கு முன் யாரையாவது இப்படிப் பிடித்து வைத்திருந்தார்களா, எப்படி நடத்தினார்கள் என்று கேட்டார். அப்படி யாராவது இருந்தால் பதுளையில் ஒரு டொக்டர் பார்த்து எழுதித் தருவார் என்றும் சொன்னார்.

அப்பாவிடம் கேட்டேன். அவர் மண்வெட்டியிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். தன்னை ஒன்றும் செய்யவில்லை, சோறு போட்டார்கள், வழக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள் என்றார். ஒழுங்காக நடத்துவோம் என்று எழுதிக் கொடுத்த கடுதாசியைப் பற்றி நான் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

"என்கிட்டயும் நல்லாத்தான் சொன்னாங்க, பாப்பா. ரெண்டு கேள்வி கேட்டுட்டு சாயங்காலமே கொண்டுவந்து விடுறோம்னு. தொட்டில்ல விட்டுட்டுப் போனேன், நான் திரும்பி வரும்போது நீ நடந்துக்கிட்டு இருந்த."

நான் எழுந்து போகும்போது, தான் ஏதாவது சொல்லி, அப்படியும் உன்னை அனுப்பிவிட்டால், இவர்களுடைய கோபம் எல்லாம் உன் முதுகில்தான் விழும் என்று தனக்குள் பேசுவது போலச் சொன்னார். அண்ணா, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எனக்கு எது சரி என்று தெரியவில்லை.

நீ போன் எடுத்த அன்று அம்மா அழுது, வந்துவிடு ராசா, எதுவானாலும் இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாரே. அதற்குப் பிறகு நீ வக்கீலம்மாவிடம், கேஸ் நடத்த வேண்டாம், என்னை அனுப்பச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொன்னாயாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவைக் கோபிக்காதே. அவர் நீ வருவதற்கு ஆயத்தம் செய்கிறார். ஒரு நாள் கடையிலிருந்து வந்து பார்த்தால், வீட்டில் புதிதாக ஒரு வாளி இருந்தது. நீல நிறம், மூடி போட்டது. உள்ளே துவாய், சவர்க்காரம், இடுப்பில் கட்ட ஒரு சாரம். எதற்கு என்று கேட்டேன். ஜெயிலுக்குள்ளே போகிறவனுக்கு முதல் நாளே வாளி வேண்டும், அப்பாவைப் பிடித்தபோது அது தெரியாமல் வெறுங்கையோடு போய் நின்றேன், இந்தத் தடவை அப்படி நடக்காது என்றார். எந்த பஸ்ஸில் போக வேண்டும், சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால் மீனில் முள் எடுத்துக் கட்ட வேண்டும், எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கிறது. கல்யாண வீட்டு வேலை மாதிரிச் சொல்லிக்கொண்டே போனார்.

எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, அப்பாவின் கைக்கு உண்மையில் என்ன ஆனது என்று அம்மாவிடம் கேட்டேன். குடம் நிரம்பி வழிந்த பிறகுதான் சொன்னார்.

"ரெண்டு கையையும் பின்னால கட்டி மேல இழுத்தாங்களாம். என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. நீ கேட்டதா வெச்சுக்காத."

அப்படியென்றால் அண்ணனை ஏன் வரச் சொன்னீர்கள் என்றேன். அம்மாவிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வந்தாருல்ல? கை போனாலும் ஆளு வந்தாருல்ல? அவன் அங்க செத்துக்கித்துப் போனா நான் யாருகிட்ட போய்க் கேக்குறது?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டார்.

அண்ணா, அப்பா உன்னைத் தோளில் ஏற்றித் திருவிழா காட்டுவாராம். அம்மா சொல்லியிருக்கிறார். அந்த அப்பாவை நீ பார்த்திருக்கிறாய், நான் பார்க்கவில்லை. கோயிலில் தீபம் காட்டும்போது எல்லாரும் தலைக்கு மேலே கையைக் கூப்புவார்கள். இவர் நெஞ்சோடு நிறுத்திக்கொள்வார். சாமிக்கே கை தூக்காத பெரிய மனுஷன் என்று சிலர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவர் திருப்பி ஒன்றும் சொன்னதில்லை. நானும்தான்.

நீ என்ன செய்தாய், செய்யவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. தப்புச் செய்திருந்தால் விசாரிக்கட்டும், தண்டனை கொடுக்கட்டும். ஆனால் அப்பாவுக்குச் செய்ததை உனக்குச் செய்யக் கூடாது. அதனால் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தச் சம்மதத்தில் கையெழுத்துப் போடாதே. அம்மா மறுபடியும் போனில் அழுதாலும் போடாதே. உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இல்லையா? உன் படுக்கையைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நீ வர வேண்டாம். எந்த வீட்டிலும் தங்கச்சி இப்படி எழுத மாட்டாள். முருகன் உன்னை அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

இனி நேற்று நடந்ததை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா அந்த வாளியைப் பார்த்துவிட்டார். மூடியைத் திறந்து, துவாயை எடுத்துப் பார்த்து, மடித்து அப்படியே வைத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, அந்த வக்கீலம்மா சொன்ன டொக்டர் பதுளையில் எங்கே இருக்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

நேற்று அக்காவிடம் லீவு கேட்டுக்கொண்டு நானும் கூடப் போனேன். டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தடவை கேட்டார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நடந்தார்.

டொக்டர் சிங்களவர், வயதானவர். கை எப்படி இப்படி ஆனது என்று மெதுவாகத்தான் கேட்டார். நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்துவிட்டேன் என்று அப்பா சிங்களத்தில் சொன்னார். டொக்டர் அதை எழுதப் போனார். அவர் எழுதுவதுதான் உன் கோர்ட்டுக்கு வரப் போகிறது. யாராவது இதைச் சொல்ல வேண்டும், அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

"விழல, டொக்டர்" என்று சிங்களத்தில் சொன்னேன். "கட்டித் தொங்கவிட்டாங்க."

என் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

சட்டையைக் கழற்றச் சொன்னார் டொக்டர். அப்பாவின் விரல்கள் முதல் பொத்தானிலேயே நின்றுவிட்டன. நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்று, பொத்தான்களைக் கழற்றினேன்.

உன் தங்கச்சி,
தனுஜா